கயிறு தொங்கட்டும் தம்பி

தம்பி, அம்பகரத்தூர் கடைத்தெருவுல காலையில டீ குடிக்க உக்கார்ற ஆளுங்களுக்கு இப்பல்லாம் பேப்பர் தேவைப்படுறதில்ல. ஆறரை மணிக்கு நீ வருவ. முன்னாடி உன் லாப்ரடார், பின்னாடி ஒத்தக் கால் செருப்போட நீ, நடுவுல விறைச்சு நிக்கிற கயிறு. "யாரு யாரை மேய்க்கக் கூட்டிட்டுப் போறா?"ன்னு ஒருத்தன் கேட்டான். உன்னை விட்டுக்கொடுக்க முடியுமா? "நாய்க்குத் திருநள்ளாத்துல அவசர வேலை, தம்பி துணைக்குப் போவுது"ன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

சென்னைக் கம்பெனி வேலையை ஊர்லேருந்தே பாக்கலாம்னு குடும்பத்தோட வந்துட்ட. நல்லது, பூட்டிக் கெடந்த வீட்டுல விளக்கு எரியுது. கூடவே முப்பது கிலோவுல இவனும் வந்தான். இப்ப என்னடான்னா, "சொல்பேச்சு கேக்கவே மாட்டேங்கிறான் தாத்தா"ன்னு என் திண்ணையில வந்து மூச்சு வாங்குற. யாரு சொன்னா அப்படி? அவன் கெட்டிக்காரன். உன்னை எவ்வளவு அழகாப் பழக்கி வச்சிருக்கான்! கயித்தை ஒரு வெட்டு வெட்டுனா நீ ஓடணும். பலமா இழுத்தா இன்னும் வேகமா ஓடணும். மின்கம்பத்துக்கிட்ட அவன் நின்னா நீயும் நிக்கணும். இதுல ஒருநாளாவது நீ தப்பு பண்ணியிருக்கியா? பரிசு குடுக்கணும்னு வந்தா, நான் வாத்தியாருக்குக் குடுக்கிறதா, மாணாக்கனுக்குக் குடுக்கிறதா?

இந்தப் பாடம் எப்படிப் படியுதுன்னு சொல்றேன். பேரளத்துலேருந்து நம்ம ஊரு வழியா காரைக்காலுக்கு மொத ரயில் ஓடுனது 1898-ல. அதே 1898-ல அமெரிக்காவுல எட்வர்ட் தார்ண்டைக்குன்னு ஒருத்தர், பூனையைப் பெட்டியில அடைச்சு, வெளியில மீன் துண்டை வச்சுட்டுப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தார். நம்ம ஊரா இருந்தா வேலைவெட்டி இல்லாத பயன்னு சொல்லியிருப்போம். அங்க டாக்டர் பட்டம் குடுத்தாங்க. பூனை கண்டபடி பிறாண்டும், கத்தும். தற்செயலாக் கொக்கியைத் தட்டிடுச்சுன்னா கதவு திறக்கும், மீன் கிடைக்கும். மறுபடி மறுபடி அடைச்சா, பிறாண்டுறது குறைஞ்சு நேரா கொக்கிக்கே போகும். எதைச் செஞ்சா பலன் வருதோ அதைத் திரும்பச் செய்யும், பலன் இல்லாததை விட்டுடும். கண்டுபிடிப்பு அம்புட்டுத்தான். நாய் பழக்குற புத்தகம் எதை எடுத்தாலும் அடியில இதுதான் கெடக்கும்.

உன் நாய்க்குப் பலன் எது? பிஸ்கோத்துன்னு நினைக்கிற. இல்லடா. முன்னாடி நகர்றதுதான் அவனுக்குப் பலன். இழுத்தான், நகர்ந்துச்சு. இழுத்தான், கோழிக்கடை வாசல் வந்துச்சு. தெனம் காலையில அரை மணி நேரம் நீயே காசு குடுத்து டியூஷன் வச்சு இழுக்கக் கத்துக்குடுத்துட்டு, சாயந்திரம் அவனைத் திட்டுற.

அவன் பக்கத்து நியாயத்தையும் கேளு. நீ நடக்கிறது மணிக்கு நாலு அஞ்சு கிலோமீட்டர். நாலு கால் இருக்கிறவனுக்கு அது நடையே இல்ல. அவன் மூக்குல வாசனை பிடிக்கிற அணுக்கள் பத்து கோடிக்கு மேல, நமக்கு அம்பது அறுபது லட்சம்தான். நேத்து ராத்திரி கம்பத்தடியில எந்த நாய் நின்னுச்சு, ஆணா பொட்டையா, எந்தத் தெருவு, எல்லாம் அவனுக்கு அங்க கெடக்குது. உனக்கு அங்க கம்பம் மட்டும்தான் தெரியும். கண்ணு தெரியாதவன் கையில கயிறு இருந்தா, கண்ணு தெரிஞ்சவன் இழுக்கத்தான் செய்வான்.

"அப்ப கயிறே வேணாமா தாத்தா, தர்மரு பின்னாடி நாய் சொர்க்கம் வரைக்கும் கயிறு இல்லாமதானே போச்சு"ன்னு மடக்குற. போச்சுதான். சிவன் கோயில்ல பைரவருக்குப் பின்னாடி நிக்கிற நாய்க்கும் கயிறு கெடையாது. ஆனா அது தர்மதேவதை, இது பைரவர் வாகனம். உன்னோடது மளிகைக்கடை ரஸ்க் பாக்கெட்டைக் கவ்விக்கிட்டு ஓடுனது. கயிறு வேணும். ஆனா அது இழுக்கிறதுக்கு இல்ல. மாட்டுக்கு மூக்கைக் குத்திக் கயிறு போட்டோம், லேசாத் தொட்டாலே வலிக்கும், அந்த பயத்துல திரும்பும். நாயை வண்டியில பூட்டப் போறதில்ல. ஏதாச்சும் ஆச்சுன்னா பிடிச்சு நிறுத்த ஒரு காவல், அதுக்குத்தான் கயிறு. மத்த நேரமெல்லாம் அது உனக்கும் அவனுக்கும் நடுவுல சும்மா தொங்கிக்கிட்டுக் கெடக்கணும்.

மொதல்ல அந்தப் பட்டனை அமுக்குனா நீளுற விசைக்கயித்தைத் தூக்கிப் போடு. ஆயிரம் ரூபா குடுத்தேன்னு அழாத. அது எப்பவும் கொஞ்சம் இழுத்துக்கிட்டேதான் இருக்கும். இழுத்தா நீளும்னு நாய்க்குப் பாடமே அது எடுக்கும். சாதாரண நாடாக் கயிறு, ஆறடி, போதும். இரும்புச் சங்கிலியும் வேணாம், உன் உள்ளங்கைக்கும் அவன் கழுத்துக்கும் அது பாரம். கழுத்தை இறுக்குற சுருக்குச் சங்கிலி, உள்பக்கம் முள்ளு வச்ச பட்டை இதெல்லாம் கடையில காட்டுவான். கடைக்காரன் கழுத்துல ஒருதரம் போட்டுக் காட்டச் சொல்லு, விலை எறங்கிடும். கழுத்துப் பட்டையில நாய் இழுத்தா கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறுதுன்னு 2006-ல அமெரிக்க மாட்டு டாக்டருங்க அளந்து எழுதியிருக்காங்க. நெஞ்சோட சேத்துப் போடுற ஹார்னஸ்ல அப்படி ஏறல. இழுக்கிற நாய்க்கு அந்த ஹார்னஸை வாங்கு, நெஞ்சுக்கு முன்னாடி வளையம் வச்சதாப் பாத்து. அதுல கயித்தை மாட்டுனா, இழுக்கிறப்ப உடம்பு உன் பக்கமே திரும்பிடும். ஆனா ஒண்ணு. ஹார்னஸ் வாங்கிட்டா நாய் படிச்சுடும்னு நினைக்காத. புதுப் புத்தகப்பை வாங்குன வருஷம் நீ கணக்குல எவ்வளவு வாங்கினேன்னு எனக்குத் தெரியும்.

இனி வேலை. மொத நாளே கடைத்தெருவுக்குக் கூட்டிட்டுப் போகாத. கொல்லையில ஆரம்பி. தென்னை மரத்துக்கும் கெணத்துக்கும் நடுவுல நடந்தாப் போதும். அவன் உன் முழங்கால் பக்கத்துல வந்தான்னா அந்த நொடியே வாயில ஒரு துண்டு. வேகவச்ச கோழி ஈரல், சுண்டுவிரல் நகம் அளவுக்கு. கருவாட்டு வாசத்துக்கு அவன் கைலாசம் வரைக்கும் வருவான், ஆனா உப்பு அவனுக்கு ஆகாது. திராட்சை, வெங்காயம், சாக்லேட்டு எதையும் காட்டாத, அதெல்லாம் நாய்க்கு விஷம். துண்டை உன் முழங்காலுக்குப் பக்கத்துலயே நீட்டு. முன்னாடி நீட்டினா முன்னாடி வருவான், அப்புறம் திரும்பவும் எங்கிட்ட வந்து அழுவ.

கயிறு விறைச்சுதா? நில்லு. திட்டாத, வெட்டி இழுக்காத, "நோ நோ"ன்னு இங்கிலீசுல கத்தாத. அவனுக்குத் தமிழே இன்னும் சரியா வரல. மரமா நில்லு. உனக்கு அது கஷ்டமான காரியம் இல்ல, உங்க அம்மா எண்ணெய் வாங்கிட்டு வரச் சொன்னா அப்படித்தான் நிப்ப. அவன் இழுத்துப் பாப்பான், திரும்பிப் பாப்பான், என்ன ஆச்சு இந்த ஆளுக்குன்னு ஒரு அடி பின்னாடி வருவான். கயிறு தொங்கும். தொங்குன உடனே நட. தொங்கினா உலகம் நகருது, விறைச்சா உலகம் நிக்குது. இதை அவன் கண்டுபிடிக்கணும், நீ சொல்லக் கூடாது. மொத நாள் வீட்டு வாசல்லேருந்து எதுத்த வீடு வரைக்கும் போய்ச் சேர்றதுக்குள்ள சூரியன் உச்சிக்கு வந்துடும். டீக்கடையில சிரிப்பாங்க. சிரிக்கட்டும், காசு கேக்கலையே.

நின்னு நின்னு அலுத்துப்போச்சுன்னா இன்னொரு வழி இருக்கு. அவன் முந்த ஆரம்பிச்சதும், கயிறு விறைக்கிறதுக்கு முந்தியே "வாடா"ன்னு கூப்பிட்டு வந்த வழியே திரும்பி நட. வந்து சேந்தான்னா ஈரல். இந்த ஆளு எப்பத் திரும்புவான்னே தெரியலையேன்னு உன் மேல ஒரு கண்ணு வச்சிருப்பான். ஊர்ல மத்தவங்க ஏற்கெனவே உன்னைப் பத்தி அப்படித்தான் நினைக்கிறாங்க.

மோந்து பாக்குறதை மட்டும் தடுக்காத. அதையே கூலியாக் குடு. கம்பம் வரைக்கும் கயிறு தொங்கத் தொங்க வந்தான்னா, "போடா, பாரு"ன்னு விடு. ஆற அமர மோந்து முடிக்கட்டும். ஈரல் செலவும் மிச்சம். அரை மணி நேரம் மோந்து பாக்க விட்டா, ரெண்டு மைல் ஓடுன அலுப்புல வந்து படுப்பான். உனக்கும் அதுக்குள்ள போனைப் பாக்க நேரம் கிடைக்கும். ஆனா கயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் போனைப் பாக்காத. நீ பாக்கலன்னு அவனுக்குத் தெரியும், உன் பொண்டாட்டிக்குத் தெரியிற மாதிரியே.

பத்துல ஒன்பது தடவை நின்னுட்டு, பத்தாவது தடவை மழை தூறுதுன்னு அவன் இழுக்க விட்டுட்டுப் போறியே, அங்கதான் கெட்டுச்சு. 2003-ல தமிழ்நாட்டுல லாட்டரியைத் தடை பண்ணாங்களே, ஏன்? தெனம் விழுந்திருந்தா யாருக்கும் பைத்தியம் பிடிச்சிருக்காது, ஒருநாளும் விழாம இருந்திருந்தாலும் விட்டிருப்பான். எப்பவாச்சும் ஒண்ணு விழுந்ததாலதான் தாலிய வித்து சீட்டு வாங்குனான். உன் நாய் இப்ப அந்தச் சீட்டைத்தான் தெனம் கிழிச்சுப் பாத்துக்கிட்டிருக்கு.

இதுல உங்க வீடு இருக்கே, அது ஒரு தனிக் கூத்து. நீ நிப்ப. உங்க அப்பா "நேரமாச்சுடா"ன்னு ஓடுவார். உங்க அம்மா "பாவம் வாயில்லா ஜீவன், இழுத்தா விடேண்டா"ன்னுவாங்க. சின்னவ கயித்தைக் கையில ரெண்டு சுத்து சுத்திக்கிட்டு வண்டி ஓட்டிப் பழகுவா. ஒரு நாய்க்கு நாலு வாத்தியார், நாலு பாடத்திட்டம். ராத்திரி சோத்துக்கு உக்கார்றப்ப ஒரு பஞ்சாயத்து வச்சு எல்லாரும் ஒரே மாதிரி நிப்போம்னு பேசி முடிங்க. சொத்துப் பிரிக்கிறப்பவே பேசி முடிச்ச குடும்பம்தானே? முடிக்கலையோ? சரி, நாய் விஷயத்துலயாவது முடிங்க. சின்னவகிட்ட மட்டும் சொல்லி வை. கயித்தைக் கையில சுத்தக் கூடாது. முப்பது கிலோ வெடுக்குனு பாஞ்சா விரல் போயிடும்.

வெள்ளைக்காரன் புத்தகத்துல தெரு காலியா இருக்கும். எதிர்ல வந்தா இன்னொரு கயித்துல கட்டுன நாய் ஒண்ணு வரும், அதுவும் "குட் மார்னிங்" சொல்லிட்டுப் போகும். நம்ம தெருவுல முக்குக்கு முக்கு ஒரு கூட்டம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு எல்லை. நமக்குத் தமிழ்நாட்டு எல்லை எங்கேன்னு தெரியும், அதுங்களுக்கு அம்மன் கோயில் தெருவு எல்லை எங்கேன்னு தெரியும். 2025 ஆகஸ்ட் 11-ம் தேதி டெல்லித் தெருநாயெல்லாம் பிடிச்சு அடைச்சு வைன்னு உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. அதே மாசம் 22-ம் தேதி மூணு நீதிபதிங்க உக்காந்து, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடிச்ச எடத்துலயே விடு, வெறி பிடிச்சதையும் மூர்க்கமானதையும் மட்டும் விடாதேன்னு மாத்துனாங்க. அதனால முக்குல இருக்கிறவனுங்க முக்குலதான் இருப்பானுங்க. நீதான் வழி பாத்துப் போகணும்.

தூரத்துல ஒரு கூட்டம் தெரிஞ்சா நீ என்ன பண்ற? கயித்தைக் குட்டையாப் பிடிச்சு இறுக்குற. அங்கதான் சண்டையே ஆரம்பிக்குது. இறுக்குனா உன் நாய் தலை தூக்கி நெஞ்சு நிமித்தி நிக்கும். எதிர்ல இருக்கிறவன் "ஓ, வம்புக்கு வர்றியா"ன்னு நினைச்சுக்குவான். உன் கையில இருக்கிற பயம் கயித்து வழியா எறங்கி இவன் கழுத்துக்கு வந்துடும். தூரத்துலயே கண்டுட்டு, கயித்தைத் தளர்வா விட்டு, பேசிக்கிட்டே அரைவட்டமா வளைஞ்சு போயிடு. நேரா மூஞ்சிக்கு மூஞ்சி போகக் கூடாது. அதையும் மீறி வந்தானுங்கன்னா ஓடாத. நீ நடுவுல நின்னுக்கிட்டுக் கல்லு எடுக்கக் குனி. எறிய வேணாம், குனிஞ்சாப் போதும். அந்தக் குனியிறதுக்கு அர்த்தம் நம்ம ஊரு நாய் எல்லாத்துக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலையில திருநள்ளாறு ரோட்டுப் பக்கமே போகாத. சனிபகவானைப் பாக்கப் போற வண்டியெல்லாம் அவரை நேர்ல பாக்கிற வேகத்துலதான் போகுது. பத்ரகாளியம்மன் திருவிழாவுக்கும் கூட்டிட்டு வராத, வெடிக்கும் மேளத்துக்கும் அவன் கயித்தை அறுத்துட்டுப் போயிடுவான். சாயந்திரம் எல்லைப் பக்கம் சாராயக்கடை வாசல் வேணாம். அங்க ஒருத்தனை ஒருத்தன் கயிறே இல்லாம இழுத்துக்கிட்டுப் போவான், உன் நாய் பாத்துக் கெட்டுப்போயிடும். வாய்க்கால் கரைதான் சரியான எடம். ஆனா சம்பா அறுப்பு முடிஞ்சதும் வயல்ல வாத்து மேய வந்துடும். ஆயிரம் வாத்து, ஒரு லாப்ரடார். லாப்ரடாரு வெள்ளைக்காரன் சுட்ட வாத்தைத் தண்ணியில நீந்திப் போய்க் கவ்விட்டு வர்றதுக்குன்னே வளத்த சாதி. பாட்டன் பூட்டன் தொழிலு ரத்தத்துல இருக்கு. அந்த மாசம் முழுக்கக் கொல்லையிலயே நடத்து. வாத்துக்காரன்கிட்ட நாலு காசு நஷ்டஈடு குடுக்கிறதைவிட அது மலிவு.

வெயிலும் அப்படித்தான். பத்து மணிக்கு மேல தார் ரோட்டுல புறங்கையை வச்சுப் பாரு. உன்னால வச்சிருக்க முடியலன்னா அவன் பாதத்துக்கும் முடியாது. அவனுக்கு நம்ம மாதிரி உடம்பு பூரா வேர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு விட்டுத்தான் சூட்டைத் தணிச்சுக்கணும். அந்த நேரத்துல இழுக்கலையே, பாடம் படிஞ்சுடுச்சுன்னு நீ சந்தோஷப்பட்டுக்குவ. படியல, சுருண்டுட்டான்.

இன்னொரு சமாச்சாரம், சொல்லவே கூச்சமா இருக்கு, கேக்க உனக்கும் கூச்சமா இருக்கட்டும். அடுத்தவன் வீட்டு வாசல் கோலத்துல அவன் உக்காந்தான்னா, நீ ஆகாசத்தைப் பாக்குற. நம்ம காரைக்கால்ல பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்குற சொல்தா குடும்பங்களைக் கேளு. பாரிஸ்ல 1982-லேருந்து 2004 வரைக்கும் நாய்ப் பீயை உறிஞ்சி எடுக்கிறதுக்குன்னே பச்சை மோட்டார் சைக்கிள் விட்டாங்க. நகரசபை ஓட்டிப் பாத்து, செலவு தாங்காம நிறுத்திட்டு, வளத்தவனே அள்ளிக்கடான்னு விட்டுட்டாங்க. பிரெஞ்சுக்காரனாலயே முடியல, நம்ம கொம்யூன் பஞ்சாயத்து மோட்டார் சைக்கிள் அனுப்பும்னு காத்துக்கிட்டிருக்காத. ஒரு பழைய பேப்பரை மடிச்சு எடுத்துக்கிட்டுப் போ.

"இவ்வளவு கஷ்டம் எதுக்கு தாத்தா, கட்டியே போட்டுடுறேன்"னு சொல்லுவ. எப்பவும் கட்டிப்போட்டு நடக்கவே விடாம வச்சிருந்தா அது கொடுமைன்னு 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்துலயே இருக்கு. அபராதம் மொத தடவைக்குப் பத்து ரூபாயிலேருந்து அம்பது ரூபா வரைக்கும். ரெண்டு டீ, ரெண்டு வடை. சட்டம் போட்டவருக்கு நாய் மேல பாசம் இருந்துச்சு, விலைவாசி மேல பயம் இல்ல. அதுக்காக அவுத்து விட்டு அவன் யாரையாச்சும் கடிச்சான்னா, புதுசா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 291-ம் பிரிவு இருக்கு. மிருகத்தைக் கவனமா வச்சுக்காத குத்தத்துக்கு ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 5,000 ரூபா வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம். கட்டுனாலும் குத்தம், அவுத்தாலும் குத்தம். நடுவுல மிஞ்சுறது அந்த ஆறடிக் கயிறும், அதைத் தொங்க விட்டு நடக்கிற பழக்கமும்தான்.

ஒருநாள் அவன் எல்லாம் கத்துக்கிட்டு உன் பக்கத்துல சாதுவா நடந்து வருவான். எதிர்ல வர்ற பள்ளிக்கூடப் பிள்ளைங்க பயப்படாம வந்து தடவும். "கடிக்காது, சும்மா விளையாடும்"னு நீ பெருமையாச் சொல்லுவ. அதைச் சொல்றதுக்கு உனக்கு யோக்கியதை இருக்கணும்னா ஒண்ணு பாக்கி இருக்கு. பிரான்சுல லூயி பாஸ்டர், வெறிநாய் கடிச்ச ஒரு சின்னப் பையனுக்கு 1885 ஜூலையில ஊசி போட்டுப் பிழைக்க வச்சார். அவர் பேர்ல குன்னூர்ல 1907-ல நிலையம் வந்து, இன்னும் இருக்கு. இத்தனை வருஷம் ஆகியும் வெறிநோய் முத்திட்டா மனுஷனுக்கு வைத்தியம் இல்ல, வராம தடுக்கத்தான் முடியும். எந்த நாய் கடிச்சாலும், பிறாண்டினாலும் மஞ்சப்பத்து, மிளகாய்ப்பொடின்னு யார் சொன்னாலும் கேக்காத. நானே சொன்னாலும் கேக்காத. சோப்பு போட்டு ஓடுற தண்ணியில கால்மணி நேரம் கழுவிட்டு, நேரா ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்க.

உன் நாயோட தடுப்பூசி அட்டையை இப்பவே வீட்டுக்குப் போய் எடுத்துப் பாரு. தேதி தாண்டியிருந்தா, நாளைக்குக் காலையில மொத வேலையா மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. நேரத்தோட கெளம்பு. நின்னு நின்னு போகணும்ல, நேரம் பிடிக்கும்.